வெள்ளிக்கிழமைச் சீட்டு

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு சீட்டுக்காகக் காத்திருப்போம். சீட்டு என்றதும் ஏலச் சீட்டு, குலுக்கல் சீட்டு என்று எண்ணிவிடாதீர்கள். என் பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வாரச் சீட்டு அது!

குன்னூரில் கத்தோலிக்க கன்யாஸ்திரீகள் நடத்தும் பள்ளி. பேத்திக்கு அங்கே எல்.கே.ஜி. வகுப்பு. மகனுக்கு இங்கே ஒரு டீ ஃபாக்டரியில் வேலை. மருமகளும் வேலைக்குப் போகிறாள். ஆகவே, மதுரை வெயிலோடு நிம்மதியாகக் குடித்தனம் செய்துகொண்டிருந்த என்னைக் கம்பளிச் சால்வையும் காதுக் குல்லாயுமாக மலையேற்றிவிட்டார்கள். குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போவது, அழைத்து வருவது, சீட்டைப் படித்து வேண்டியதைச் செய்வது, எல்லாம் என் இலாகா.

சீட்டு அரைத்தாள்தான். மேலே அந்த வாரத்து எழுத்து ஒன்று. அதன் கீழ் எண் ஒன்று. பிறகு ஒரு நிறம், ஒரு பாட்டு, ஒரு கதை, ஒரு நல்ல பழக்கம். கடைசி வரியில், திங்கட்கிழமை குழந்தை கொண்டுவர வேண்டிய பொருள் ஒன்று. அவ்வளவே! ஐந்து நாளைக்கும் சேர்த்து அவ்வளவுதான் படிப்பு.

ஒரு வாரம் ‘டி’ எழுத்து வந்தது. எண் மூன்று. கொண்டுவர வேண்டிய பொருள் தேயிலைக் கொழுந்து. நீலகிரியில் அதற்கா பஞ்சம்? மகன் நாலு கொழுந்து கொண்டுவந்தான். “ரெண்டு இலை, ஒரு மொட்டு, மொத்தம் எத்தனை?” என்று கேட்டான். குழந்தை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணி, “மூணு!” என்றாள். ‘டி’யும் ஆயிற்று, மூன்றும் ஆயிற்று, பச்சை நிறமும் ஆயிற்று. ஒரு கொழுந்துக்குள் ஒரு வாரத்துப் பாடத்தை மடித்து வைத்த புண்ணியவதி யாரோ என்று நான் வியந்தேன்.

கதை பெரும்பாலும் பைபிளிலிருந்து வரும். எங்கள் வீட்டில் விளக்கேற்றுவது முருகன் படத்துக்கு. குழந்தை பள்ளியில் கைகூப்பிச் செபம் கேட்கிறாள். வீட்டுக்கு வந்து அதே கையை நீட்டி என்னிடம் விபூதி வாங்கிக்கொள்கிறாள். அவளுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. பெரியவர்கள் நாம் ஏன் குழம்ப வேண்டும்?

குழப்பம் வேறு திசையிலிருந்து வந்தது.

குழந்தை பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை! ஜூன் மாதம் சேர்த்தோம். ஜூலை போயிற்று, ஆகஸ்டும் பாதி போயிற்று. வீட்டில் ஓயாமல் பேசுகிறவள், வகுப்பு வாசலைத் தாண்டியதும் ஊமையாகிவிடுகிறாள். மிஸ் கேட்டால் தலையாட்டுவாள். தண்ணீர் வேண்டுமென்றால் பாட்டிலைக் காட்டுவாள். பாட்டுப் பாடும்போது உதடுகூட அசையாது.

அந்த வகுப்பையும் நீங்கள் பார்க்க வேண்டும். படுகர் வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் படுகு பேசுகின்றன. கடைக்காரர் வீட்டுக் குழந்தை மலையாளம். எஸ்டேட் பிள்ளைகளும் எங்கள் வீட்டு வாண்டும் தமிழ். கன்னடம் பேசுவது ஒன்றிரண்டு. இத்தனைக்கும் மேலே குடை விரித்தாற்போல இங்கிலீஷ். மூன்றரை வயதுக் குழந்தை திகைக்காமல் என்ன செய்யும்?

இந்தச் சமயத்தில் எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். அவள் மகனும் எல்.கே.ஜி.தான். நூறு வரை எழுதுவானாம், மாதாந்தரப் பரீட்சை உண்டாம். எங்கள் வாரச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்றாள். போகிற போக்கில், “வீட்டிலே தமிழ் பேசறதை நிறுத்துங்க, தானா இங்கிலீஷ் வந்துடும்” என்று யோசனையும் சொல்லிவிட்டுப் போனாள்.

மருமகளுக்கு அது மனத்தில் தைத்துவிட்டது. மறுநாளிலிருந்து சோற்றைப் பிசைந்துகொண்டே “ஈட், ஈட்” என்றாள். தலை வாரும்போது “ஸ்டாண்ட் ஸ்ட்ரெயிட்” என்றாள். ஒரு வாரம் நடந்தது இந்தக் கூத்து. பலன் என்ன தெரியுமா? குழந்தை வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அம்மா கிட்டே வந்தால் என் சேலைத் தலைப்புக்குள் ஒளிந்துகொள்வாள்.

ஒரு ராத்திரி மருமகள் சமையலறையில் நின்று அழுதாள். “அத்தை, அவ என்கிட்டே பேசவே மாட்டேங்கறா. வேற ஸ்கூல்ல போடலாம்னு இவரும் சொல்றார். நான் என்ன பண்ணட்டும்?” என்றாள். எனக்கு நெஞ்சு அடைத்தது. “அழாதேம்மா, நாளைக்கு நான் போய் ஸிஸ்டரைப் பார்க்கிறேன்” என்றேன்.

ஸிஸ்டருக்கு எழுபது வயது இருக்கும். நெடுங்காலம் குழந்தைகளோடு இருந்தவர். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“வீட்டில் பேசுகிறாளா?”

“பேசிக்கொண்டிருந்தாள், ஸிஸ்டர். இப்போது ஒரு வாரமாகத்தான்...”

“நாம் சொல்வது புரிகிறதா? கூப்பிட்டால் திரும்புகிறாளா?”

“பேஷாக!”

“அப்படியானால் பயப்படாதீர்கள், அம்மா. முதலில் உங்கள் மருமகளைத் தமிழில் பேசச் சொல்லுங்கள். தெரியாத பாஷைக்குள் வந்த குழந்தை பேசுவதற்கு முன்னால் நிறையக் கேட்கும். சில குழந்தைகள் சில வாரம், சில குழந்தைகள் சில மாதம். இவள் வாய்தான் மூடியிருக்கிறது, காது மூடவில்லை” என்றார்.

பிறகு அவர் ஒரு கதை சொன்னார். கதை என்றாலும் நடந்த கதை. ஊட்டியில் தொடங்கி ரோமாபுரியில் முடிகிற கதை.

பிரான்ஸ் தேசத்து நான்ட் நகரில் 1839-ல் பிறந்த எலன் த ஷாப்பொத்தேன் என்ற பெண்மணி, கன்யாஸ்திரீயாகி 1865-ல் நம் மதுரை மிஷனுக்கு வந்தார். துறவறத்தில் மேரி ஆஃப் தி பாஷன் என்று பெயர். சபைக்குள் எழுந்த பிரச்னைகளால் 1876-ல் தோழிகளோடு அதிலிருந்து விலகி, ஊட்டியில் கூடினார். புதுச் சபை ஒன்று தொடங்க ரோமில் போப்பிடம் அனுமதி கேட்டார். 1877-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி அனுமதி கிடைத்தது. அந்த விதத்தில் நம் நீலகிரியில் முளைவிட்ட சபைதான் பின்னால் ‘பிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி’ என்று பல கண்டங்களில் பரவியது. 2002-ல் போப் இரண்டாம் ஜான் பால் அந்த அம்மையாருக்கு ‘அருளாளர்’ பட்டம் அளித்தார்.

சரியாக முப்பது வருஷம் கழித்து, 1907-ல் அதே ஜனவரி 6-ந் தேதி, ரோமில் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்ஸோ என்ற பேட்டையில் டாக்டர் மரியா மாண்டிசோரி தம் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். மறு வருஷம் டிசம்பர் 28-ந் தேதி இத்தாலியின் மெஸ்ஸினா நகரத்தைப் பயங்கரமான பூகம்பம் தரைமட்டமாக்கியது. இடிபாடுகளிடையே கிடைத்த சுமார் 60 குழந்தைகளை ரோமுக்குக் கொண்டுவந்தார்கள். தாய் தந்தை யாரென்று தெரியாது. பெயர்கூடத் தெரியாது. அவர்களுக்கு இடம் கொடுத்தது எந்த மடம் தெரியுமா? ஊட்டியில் பிறந்த அதே சபைக் கன்யாஸ்திரீகள் ரோமில் ஜியுஸ்தி வீதியில் நடத்திய மடம்!

அந்தக் குழந்தைகளைப் பற்றி மாண்டிசோரி அம்மையார் எழுதியிருக்கிறார். பேச்சில்லை. எதிலும் நாட்டமில்லை. சாப்பிட வைப்பதும் தூங்க வைப்பதும் கஷ்டம். இரவில் அலறி அழும். கன்யாஸ்திரீகள் அவர்களைப் பேசச் சொல்லி நச்சரிக்கவில்லை. குழந்தைகள் உயரத்துக்குச் சின்ன மேஜை, நாற்காலி போட்டார்கள். வண்ண வண்ண ஆடை, பூக்கள் என்று அந்த இடத்தையே அழகாக்கினார்கள். சாப்பாட்டு மேஜையில் தட்டு வைப்பது, பாத்திரத்தைச் சிந்தாமல் எடுத்து வருவது, மரியாதையாக உட்கார்ந்து உண்பது என்று ஒவ்வொன்றாகக் கையால் செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். மெல்ல மெல்லச் சாப்பாடு ருசித்தது, தூக்கம் வந்தது, சிரிப்பும் ஓட்டமும் வந்தன.

இதே மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். யுத்தத்தால் ஊர் திரும்ப முடியாமல், 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு வேலை செய்தார். ஆக, நம் மலைகளுக்கும் இந்தப் படிப்புக்கும் சொந்தம் கொஞ்சநஞ்சமல்ல.

ஸிஸ்டர் சொல்லி முடித்து, “ஒரே பூகம்பத்தில் எல்லாம் போன குழந்தைகள் அவர்கள். உங்கள் பேத்திக்கு வீடு இருக்கிறது, பாஷை இருக்கிறது. அந்தப் பாஷையையும் நாம் ஏன் பிடுங்க வேண்டும்?” என்றார்.

அன்று ராத்திரி மருமகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தமிழில் காக்காய் கதை சொன்னாள். சேலைத் தலைப்புக்குள் ஒளிந்த வாண்டு, “காக்காய்க்குக் குளிராதா, அம்மா?” என்று கேட்டாள். மருமகள் முகத்தை நான் பார்க்க வேண்டுமே!

மறுவாரச் சீட்டில் காணாமற்போன ஆட்டின் கதை வந்தது. நூறு ஆடுகளில் ஒன்று வழி தப்பிப்போக, தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு மேய்ப்பன் அந்த ஒன்றைத் தேடிப் போகிறான். வகுப்பில் மர ஆடுகளை வைத்துக் கதை சொன்னார்களாம். வீட்டில் நான் திரும்பச் சொல்லும்போது குழந்தை குறுக்கே கேட்டாள்:

“அப்பத்தா, அந்த ஆடு ஏன் ‘மே’ன்னு கத்தலை?”

“பயமாயிருந்திருக்கும், கண்ணு.”

“கத்தலேன்னாலும் வந்துட்டாரா?”

“வந்துட்டாரே!”

வேறொன்றும் கேட்கவில்லை. தூங்கிப்போனாள்.

அதற்கு அடுத்த வாரத்து நல்ல பழக்கம் ‘நிசப்தம்’. இது மாண்டிசோரி அம்மையார் காலத்திலிருந்து வருகிற விளையாட்டு. குழந்தைகள் கண்ணை மூடி, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார வேண்டும். ஆசிரியை எட்டப் போய் ரகசியக் குரலில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயர் காதில் விழுந்த குழந்தை ஓசைப்படாமல் எழுந்து அவரிடம் போக வேண்டும்.

இதில் எங்கள் வாண்டை மிஞ்ச ஆள் உண்டா? எல்லோருக்கும் முன்னால் கேட்டவள், பூனைபோல நடந்து போனவள் அவள்தானாம். மிஸ் அவளைப் பக்கத்தில் நிறுத்தி, “அடுத்த பேரை நீ கூப்பிடு” என்றாராம். குழந்தை யோசித்தாளாம். பிறகு, தன் பக்கத்து மணையில் உட்காரும் படுகர் வீட்டுச் சிறுமியின் பெயரை, இழை போன்ற குரலில் சொன்னாளாம். அந்தச் சிறுமி கண் திறந்து எழுந்து வந்தாளாம்.

பள்ளி வாசலில் மிஸ் இதைச் சொன்னபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் வகுப்பில் பேசிய முதல் வார்த்தை இங்கிலீஷும் அல்ல, தமிழும் அல்ல. ஒரு சிநேகிதியின் பெயர்!

அதற்காக, மறுநாளே பிரசங்கம் செய்யத் தொடங்கிவிட்டாள் என்று எண்ண வேண்டாம். பேச்சில் அவள் இன்னும் சூரப்புலி அல்ல. “தாங்க் யூ, மிஸ்” வருகிறது. பாட்டில் கடைசி வார்த்தை வருகிறது. பள்ளியை மாற்றுகிற பேச்சை மகன் அப்புறம் எடுக்கவே இல்லை.

என் போன்ற பாட்டிமார்களுக்கும் இளந் தாய்மார்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்ல ஆசை. குழந்தை பள்ளியில் மட்டும் மௌனமாக இருந்து வீட்டில் கலகலப்பாக இருந்தால், கொஞ்ச காலம் பொறுத்திருங்கள். வீட்டிலும் பேச்சில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, அல்லது மாதங்கள் பல போயும் மாற்றமில்லை என்றால், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டிக் காதையும் பரிசோதியுங்கள். இரண்டுக்கும் நடுவே, வீட்டுப் பாஷையை மட்டும் நிறுத்தாதீர்கள். ஒரு பாஷை உறுதியாக ஊன்றிய குழந்தைக்கு இன்னொன்று சுலபமாக வரும்.

பள்ளியிலிருந்து வருவது எதுவானாலும் அதை வீட்டு வேலையோடு இணைத்துவிடுங்கள். எண் ஐந்து வந்தால் பல்லாங்குழியில் ஐந்தைந்தாகச் சோழி போடட்டும். வட்டம் வந்தால் அப்பளத்தைக் காட்டுங்கள். பயறும் உளுந்தும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். பென்சில் பிடிக்கும் விரல் அங்கேதான் தயாராகிறது. சின்னச் செம்பில் தண்ணீர் கொடுத்துத் துளசிக்கு ஊற்றச் சொல்லுங்கள். சிந்தினால் துடைக்கத் துணியும் கொடுங்கள்.

அவசரம் மட்டும் வேண்டாம். தேயிலைத் தோட்டத்தில்கூட, ஒரு செடியில் கொழுந்து பறித்தால் மறுபடி அதே செடிக்கு வர ஒரு வாரம், பத்து நாள் விடுவார்கள் என்று மகன் சொல்லுவான். நேற்றுப் பறித்ததை இன்றும் பறிக்கப் போனால் கையில் என்ன வரும்?

வாரத்துக்கு ஓர் எழுத்து என்றால் இங்கிலீஷுக்கு இருபத்தாறு வாரம் போதும். வருஷத்துக்கோ ஐம்பத்திரண்டு வாரம். மீதி இருபத்தாறும் நம்முடையவை. அவற்றில் காக்காய் கதை சொல்லலாம், கோலப் புள்ளி எண்ணலாம், குழந்தை கேட்கிற கேள்விக்கெல்லாம் நம் பாஷையில் பதில் சொல்லலாம். அதற்குச் சீட்டு ஒன்றும் வராது. நாமாகத்தான் செய்ய வேண்டும்.