காலியிடம்தான் கணக்கு

ஐந்து சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டினால், திருப்பினாலும் புரட்டினாலும் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்து, 12 வடிவங்கள் கிடைக்கும். மொத்தம் 60 கட்டம். அமெரிக்கக் கணிதர் சாலமன் கோலம்ப் 1953-இல் இவற்றுக்கு வைத்த பெயர் பென்டோமினோ.

6×10 செவ்வகத்தை இவற்றால் நிரப்ப 2,339 வழிகள் உண்டு. இத்தனையில் ஒன்றாவது சிக்காதா என்று உட்காருபவர்கள் பெரும்பாலும் கடைசி இரண்டு துண்டில் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அதற்கு இடம் தேடுவதால் வரும் வினை இது. நான் முதலில் இடத்தைப் பார்ப்பேன். எந்த மூலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமோ அதைத்தான் முதலில் அடைப்பேன்.

கூட்டல் குறி மாதிரி இருக்கும் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இடது மேல் மூலையிலிருந்து எண்ணி, இரண்டாம் வரிசை மூன்றாம் கட்டத்தில் அதன் நடுப்பகுதி வரும்படி வையுங்கள். மேல் கை விளிம்பைத் தொடும். மூலைக் கட்டமும் அதன் வலப்பக்கக் கட்டமும் உள்ளே அடைபட்டுப் போகும். வெளியே வர இடது ஓரமாகக் கீழே இறங்கும் சந்து ஒன்றுதான் வழி. அதற்குப் பொருந்துபவை இரண்டே துண்டுகள்: ‘ப’ வடிவம், அல்லது நீளமான ‘ட’. நான் கண்ணை மூடிக்கொண்டு ‘ப’வைப் போடுவேன். ‘ப’வின் வாய்க்குள் எப்படியும் இன்னொரு துண்டு கை நீட்டியாக வேண்டும், கூட்டல் அதை இங்கே தானாகவே செய்துவிடுகிறது. ஒரே இடத்தில் இரண்டு தலைவலி தீர்ந்தது. நீளமான ‘ட’ பின்னால் எங்காவது உதவும்.

நான்கு கட்டச் சதுரத்தில் இன்னொரு கட்டம் ஒட்டிய குண்டுத் துண்டை மட்டும் சீக்கிரம் செலவழிக்கக் கூடாது. ஆட்டத்தின் நடுவில் காலியிடம் இரண்டாகப் பிரிந்தால் உடனே எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்தின் மடங்காக வராவிட்டால் கடைசியாக வைத்த துண்டை எடுத்துவிட வேண்டியதுதான். எடுக்க மனசு வராதவர்களுக்கு இந்த ஆட்டம் சரிப்படாது.

கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத் 2000-இல் எழுதிய ‘டான்சிங் லிங்க்ஸ்’ கட்டுரையும் பென்டோமினோவை எடுத்துக்கொண்டு கணினிக்கு ஏறக்குறைய இதையேதான் சொல்லிக்கொடுக்கிறது: கட்டமோ துண்டோ, எதற்கு வழி மிகக் குறைவோ அதை முதலில் கவனி.

சில புதிர்களில் எந்தப் புத்தியும் பலிக்காது. நான்கு சதுரங்களை ஒட்டினால் கிடைக்கும் துண்டுகள் ஐந்து. மொத்தம் 20 கட்டம். அவற்றால் 4×5 செவ்வகத்தை நிரப்பவே முடியாது. சதுரங்கப் பலகை போல அதற்குக் கறுப்பு வெள்ளை பூசினால் பத்துக்குப் பத்து வரும். நான்கு துண்டுகள் இரண்டுக்கு இரண்டாக மூடும். ‘டி’ வடிவம் மட்டும் மூன்றுக்கு ஒன்று. ஆக மொத்தம் பதினொன்றுக்கு ஒன்பதுதான் வரும். முயற்சி திருவினையாக்காத இடம் இது. ஒரு பென்சிலால் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

மறுபடி பென்டோமினோவுக்கு வந்தால், எனக்குப் பிடித்தது 3×20 செவ்வகம். இரண்டே விடைகள். அந்த இரண்டு விடைகளும் உண்மையில் தனித்தனி அல்ல; நடுவில் ஏழு துண்டுகள் ஒரே கட்டியாகச் சேர்ந்து நிற்கும், அதை அரைவட்டம் சுழற்றினால் மற்ற விடை. தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றே: ‘ப’, அதன் வாய்க்குள் கூட்டல், அப்புறம் குண்டுத் துண்டு, அதன் கீழே ஐந்து கட்டக் கம்பு. மறுகோடியில் இரண்டு கையும் சமமான ‘ட’. இடையில் இருக்கும் ஏழை நான் சொல்வதாக இல்லை.