கடியத்துக்குச் செடி வாங்கப் போனேன்!

"செடி வாங்கறதுக்காகவா அண்ணி சென்னையிலிருந்து ராஜமுந்திரி வரைக்கும் வர்றீங்க?" என்று போனிலேயே சிரித்தாள் என் நாத்தனார். செடி வாங்கத்தான். ஆனால், அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்ததால் "உன்னைப் பார்க்கவும்தான்" என்று சமாளித்தேன்.

விஷயம் இதுதான். ஆவணியில் புது ஃபிளாட்டுக்குக் குடிவந்தோம். சுவரெல்லாம் புது பெயின்ட். மூன்று அறையிலும் ப்ளைவுட் கப்போர்டு. கதவைத் திறந்தால் கண் லேசாக எரியும், அவ்வளவு புதுசு. ஐப்பசி மழையோடு கொசுவும் வர, ஜன்னல்களைச் சாத்தினோம். கார்த்திகையில் ஆறு வயது மகளுக்கு இருமல் ஆரம்பித்து, அது வீசிங்கில் போய் நின்றது. ராத்திரி இரண்டு மணிக்கு, நெபுலைசர் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் விலா எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாக்களுக்கு நான் மேலே எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் மருந்து எழுதிக்கொண்டே, "புது வீடா? வீட்டுக்குள்ள புகை எதுவும் போடுவீங்களா?" என்று கேட்டார். முதல் கேள்விக்குத் தலையாட்டினேன். இரண்டாவது கேள்வி காதில் விழுந்தும் மனதில் ஏறவில்லை.

அதே வாரம் ஃபேமிலி குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தது. வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் பத்து செடிகள், நாசாவே சொல்லிவிட்டது என்று. அரேகா பாம், ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட், பீஸ் லில்லி, ஸ்பைடர் பிளான்ட் என்று நீண்டது பட்டியல். ஏர் ப்யூரிஃபையர் விலையைப் பார்த்து மலைத்துப்போயிருந்த எனக்கு இது சாமி வரம் கொடுத்த மாதிரி இருந்தது. பக்கத்து நர்சரியில் விசாரித்தால், "எங்களுக்கே கடியத்திலிருந்துதான் லோடு வருது மேடம்" என்றார்கள். கடியம், நாத்தனார் வீட்டிலிருந்து அரை மணி நேரம். டிக்கெட் போட்டுவிட்டேன்.

இரவு ரயிலில் ஏறினால், விடிவதற்கு முன்னால் கொவ்வூர் தாண்டி கோதாவரிப் பாலம். ஜன்னலோரம் தூக்கக் கலக்கத்தோடு பார்த்தால், பாலம் முடிகிற பாடில்லை. கீழே இருட்டும் தண்ணீரும் ஒன்றாகக் கிடக்கின்றன. நம் காவிரியில் தண்ணீர் வரும் நாள்களில்கூட இப்படி ஓர் அகலத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை.

ராஜமுந்திரியிலிருந்து தெற்கே கிளம்பினால், முதலில் தவளேஸ்வரம். ஆர்தர் காட்டன் 1852-ல் கோதாவரியின் குறுக்கே அணை கட்டி முடித்த இடம். இப்போது நிற்பது பிற்பாடு கட்டிய தடுப்பணை. ஆனால், ஊர் ஊராகச் சிலையாக நிற்பவர் காட்டன்தான். நம் முக்கொம்பு மேலணையும் அவர் கைவண்ணமே. அந்த அணையிலிருந்து பிரிகிற கால்வாய்கள்தான் இந்தப் பக்கத்து வயல்களுக்கும் நர்சரிகளுக்கும் உயிர்.

கடியத்துக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போதே சாலையின் நிறம் மாறிவிடுகிறது. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் செடி. கால்வாய்க்கு அந்தப் பக்கமும் செடி. கடியம், கடியபுலங்கா, அக்கம்பக்கத்துக் கிராமங்கள் என நூற்றுக்கணக்கான நர்சரிகள். வீட்டு வாசல், கோயில் மதில், டீக்கடைப் பின்பக்கம் எங்கே பார்த்தாலும் கறுப்பு பாலித்தீன் பையில் நாற்று. பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பைகளில் மண் அடைக்கிறார்கள். பேச்சு நிற்கவே இல்லை, கையும் நிற்கவில்லை. ஆளுயரப் பனை வகைகளை வேரோடு சாக்கில் கட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லாரிகளின் நம்பர் பிளேட்டைப் படித்தபடி போனால், பாதி இந்தியாவைப் பார்த்துவிடலாம். மார்கழி, தை இங்கே சீசன். சாமந்தியும் டேலியாவும் படுக்கைப் படுக்கையாக விரித்துக் கிடந்தன. வாங்க வந்ததை மறந்து அரை மணி நேரம் போட்டோ எடுத்தோம், அதை ஏன் மறைப்பானேன்!

இன்டோர் செடிகளைத் தேடி, பச்சை வலை போட்ட ஒரு பெரிய கொட்டகைக்குள் நுழைந்தோம். வெளியில் வெயில் சுள்ளென்று அடிக்க, உள்ளே ஈர மண் வாசனையோடு குளுகுளுவென்று இருந்தது. மூச்சை நன்றாக இழுத்துவிட்டேன். இதைத்தானே வீட்டுக்கு வாங்கிப் போக வந்தேன்!

நர்சரிக்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஒருகாலத்தில் மெட்ராஸுக்கு லோடு கொண்டுபோய் வந்தவராம். தெலுங்கு மணக்கும் தமிழில் பேசினார். என் போனில் இருந்த பட்டியலைக் காட்டினேன். படிக்காமலே தலையசைத்தார்.

"எல்லாரும் இதான் காட்றாங்கம்மா. பேரு அப்புறம் பார்க்கலாம். உங்க ஊட்ல ஜன்னல் எந்தப் பக்கம்?"

ஹாலுக்குக் கிழக்கே பால்கனி, படுக்கையறைக்கு வடக்கே ஜன்னல், எதிரே அடுத்த பில்டிங் சுவர் என்றேன். கொசுவுக்காக அதையும் சாத்தித்தான் வைத்திருக்கிறோம் என்றும் சொன்னேன்.

"அப்ப அந்த ரூமுக்கு அரேகா வேணாம். வெளிச்சம் இல்லன்னா மூணு மாசத்துல இலை காஞ்சிடும். பால்கனிக் கதவுகிட்ட வைங்க. ரூமுக்கு இதைக் கொண்டுபோங்க" என்று காட்டியது ஸ்நேக் பிளான்ட். நம் ஊரில் வேலியோரம் முளைத்துக் கிடக்குமே மருள், அதன் பங்காளி. கம்மி வெளிச்சத்திலும் தாக்குப்பிடிக்கும், தண்ணீரும் அடிக்கடி கேட்காது. ஆங்கிலத்தில் இதற்கு 'மாமியார் நாக்கு' என்று ஒரு பெயர் உண்டு. நீளமாக, நுனி கூர்மையாக இருப்பதால்! நாத்தனாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருமே எதுவும் சொல்லவில்லை.

பெரிய பெரிய இலையில் வெள்ளைத் தீற்றலோடு ஒரு செடி கண்ணைப் பறித்தது. எடுக்கப் போனேன். "ஊட்ல சின்னப் பிள்ளை இருக்கா?" என்றார். டம்ப் கேன் என்கிற டிஃபன்பேக்கியா அது. இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கிவிடும். பீஸ் லில்லி, மணி பிளான்ட்டிலும் அதே மாதிரி ஊசிப் படிகங்கள் உண்டு, அதனால் குழந்தைக்கும் நாய், பூனைக்கும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும் என்றார். ஸ்பைடர் பிளான்ட்டும் அரேகாவும் அந்த வகையில் பயமில்லாதவை. என் பட்டியலில் இந்த விவரம் ஒரு வரிகூட இல்லை.

கடைசியில், வந்த விஷயத்தைக் கேட்டேவிட்டேன். "இதெல்லாம் ரூம் காத்தைச் சுத்தம் பண்ணிடும்தானே? குழந்தைக்கு வீசிங்."

அவர் கொட்டகையின் நாலு பக்கத்தையும் கையால் காட்டினார். பக்கவாட்டு வலை முழுக்க சுருட்டி மேலே கட்டியிருந்தது.

"இங்க எவ்ளோ செடி இருக்கு பாருங்க. ஆனாலும் ஏன் திறந்து வெச்சிருக்கேன்? மூடினா செடிக்கே பூஞ்சை வந்துடும்மா. செடிக்கே காத்து வேணும்."

விற்கிறவரே இப்படிச் சொன்னதும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஐந்து செடிகளுக்குப் பணம் கொடுத்தேன். சென்னை விலையில் பாதிகூட இல்லை.

அன்று இரவு நாத்தனார் வீட்டில், ஆத்ரேயபுரத்துப் பூத்தரேக்குலுவைப் பிரித்து வைத்துக்கொண்டு (காகிதம் மாதிரி மெல்லிசான அரிசி மடிப்புக்குள் சர்க்கரையும் நெய்யும், ஒன்றோடு நிறுத்தவே முடியாது) போனில் தேடினேன். நாசா ஆய்வு பொய்யில்லை. 1989-ல் வுல்வர்ட்டன் என்கிற விஞ்ஞானியின் குழு செய்தது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் செடியை வைத்து மூடி, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களைச் செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். குறைந்தது. அதில் வேரும் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களும் பெரிய பங்கு வகித்தன. ஆனால், அது விண்வெளிக் கலம் மாதிரி அடைத்த இடத்துக்காக யோசித்த சோதனை. நம் வீடு அப்படியில்லை. கதவிடுக்கு, ஜன்னல் சந்து வழியாகக் காற்று வந்து போய்க்கொண்டே இருக்கிறது.

2019-ல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு பேர், இப்படிப்பட்ட பழைய சோதனைகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு கட்டடத்தில் சாதாரணமாக நடக்கும் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டும். எங்கள் படுக்கையறை 10-க்கு 12 அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். குறைந்தபட்சமே 110 செடி! கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு நாங்கள் செடி மேலேதான் படுக்க வேண்டும்.

டெல்லியில் கமல் மீட்டில் என்பவர் தன் அலுவலகக் கட்டடத்தில் செடிகளால் காற்றைச் சுத்தமாக்கிய கதையும் அதே ஃபார்வர்டில் இருந்தது. அது உண்மைதான். ஆனால், அவர் சொன்ன கணக்கு 300 பேருக்கு 1,200 செடி. காற்றை வடிகட்டி அனுப்பும் இயந்திர ஏற்பாடும் அங்கே உண்டு. நம்மவர்கள் அந்தப் பாதியை வெட்டிவிட்டு ஃபார்வர்டு செய்திருக்கிறார்கள்.

ஸ்நேக் பிளான்ட் ராத்திரியிலும் ஆக்சிஜன் விடும் என்பதும் அரைகுறைதான். வறண்ட நிலத்துச் செடி என்பதால் இரவில் இலைத் துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும். அதே போல, படுக்கையறையில் செடி வைத்தால் ராத்திரி மூச்சு முட்டும் என்று பயப்படவும் தேவையில்லை. ஒரு தொட்டிச் செடி இரவில் விடுகிற கரியமில வாயு, பக்கத்தில் படுத்திருக்கும் ஆள் விடுவதில் சிறு துளிகூட இல்லை.

அப்படியானால் என் வீட்டுக் காற்றைக் கெடுத்தது எது? அப்போதுதான் டாக்டரின் இரண்டாவது கேள்வி முழுசாகக் காதில் விழுந்தது. கொசுவத்திச் சுருள்! ஒரு சுருள் எரிந்து முடிக்கையில் வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைத்ததற்குச் சமம் என்று 2003-லேயே ஓர் ஆய்வு சொல்லியிருக்கிறது. அதை ஜன்னலைச் சாத்திவிட்டு, குழந்தையின் கட்டிலுக்குக் கீழேயே ஏற்றி வைத்திருந்தோம். போதாததற்கு வெள்ளிக்கிழமை சாம்பிராணி. கப்போர்டு விஷயமும் உண்டு. ப்ளைவுட் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு மாதக்கணக்கில் கசியும். வெக்கையும் ஈரப்பதமும் சேர்ந்தால் இன்னும் அதிகமாக. சென்னையில் இரண்டுக்கும் என்ன பஞ்சம்?

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஜன்னல்களுக்கு வெல்க்ரோ வைத்த கொசுவலை அடித்தோம். ஐந்து செடிக்குக் கொடுத்ததைவிட அதற்குத்தான் அதிகம் செலவானது. பகலில் கப்போர்டுக் கதவுகளைத் திறந்துபோட்டு, ஃபேனை ஓடவிட்டேன்.

அத்தையிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. "நாப்பது வருஷமா கொசுவத்தி ஏத்தறேன், சாம்பிராணி போடறேன். என் பிள்ளைங்க யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவரே கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வீட்டுல முற்றம் இருந்துச்சு. புகை மேல போயிடும்" என்றார். அதோடு சுருள் நின்றது. சாம்பிராணி இப்போது பால்கனியில் மட்டும்.

மருந்தும் தொடர்கிறது. டாக்டர் சொல்லாமல் எதையும் நிறுத்தவில்லை. மார்கழிக்குப் பிறகு நெபுலைசரை ராத்திரியில் எடுக்க வேண்டியிருக்கவில்லை. மருந்தாலா, வலையாலா, சுருளை விட்டதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. செடியால் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

செடிகள் கதையையும் சொல்லிவிடுகிறேன். பீஸ் லில்லியை வீட்டுக்காரர் தினமும் தண்ணீர் ஊற்றியே கொன்றுவிட்டார். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றச் சொல்லி நர்சரிக்காரர் எச்சரித்திருந்தார். எப்போதும் ஈரமாக இருக்கும் தொட்டி மண்ணில் பூஞ்சை படரும், அது வீசிங் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. மணி பிளான்ட்டை பாட்டிலில் வைத்திருந்தேன். டெங்கு கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கு வந்த பெண் அதைத்தான் முதலில் தூக்கிப் பார்த்தார். இப்போது அதுவும் மண்ணுக்கு மாறிவிட்டது. பால்கனிக் கதவருகே அரேகா மூன்று புதுக் குருத்து விட்டிருக்கிறது. ஸ்பைடர் பிளான்ட் தொங்கவிட்ட குட்டிகளை மகள் டம்ளர் டம்ளராக நட்டு, ஃபிளாட்டில் தன் ஃபிரெண்ட்ஸுக்கெல்லாம் கொடுத்துவிட்டாள்.

ஸ்நேக் பிளான்ட்டுக்கு முழுப் பொறுப்பும் அத்தைதான். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைக்கிறார். துணியில் ஒட்டும் கறுப்பைப் பேத்தியிடம் காட்டி, "பாரு, எவ்ளோ தூசி" என்கிறார். போன வாரம், "இந்தச் செடிக்குப் பேரு என்னடி?" என்று கேட்டார்.

"பாம்புக் கற்றாழை, அத்தை" என்றேன்.