வீராணக் கரையில் ஒரு காலம்

காட்டுமன்னார்கோயிலின் வாழ்க்கை வீராணம் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்தே நடந்தது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உருவான அந்த ஏரி, வீரநாராயணன் என்னும் அவனது பட்டப்பெயரைத் தாங்கியது. மக்கள் நாவில் அது வீராணம் ஆயிற்று. கொள்ளிடத்தின் கீழணையில் பிரியும் நீர், வடவாற்றின் வழியே ஏரியை வந்தடையும். மதகு திறக்கும் நாளுக்காக உழவர்கள் காத்திருப்பர். வந்த நீரை முறைவைத்துப் பாய்ச்சுவர். 1950களிலும் 60களிலும் கதையும் பாட்டும் திரைப்படமும் சிற்றூர்களில் அவ்வாறே காத்திருந்து பெறப்பட்டன, பலரால் பகிர்ந்துகொள்ளப்பட்டன.

இதழில் வந்த ஏரி

1950ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடர் தொடங்கியது. ஆடிப்பெருக்கு நாளில் குதிரையேறி வரும் வந்தியத்தேவன், கடல்போல் விரிந்த வீரநாராயண ஏரியைக் கண்டு வியப்பதே அதன் முதற்காட்சி. நாள்தோறும் மாடு குளிப்பாட்டிய கரை, அச்செழுத்தில் வரலாறாக எழுந்து நின்றது! ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் தொடர்ந்த அக்கதையைத் தமிழகமே வாரந்தோறும் எதிர்பார்த்தது. ஒருவர் வாங்கிய இதழைப் பல வீட்டார் படித்தனர். எழுத்தறியாதவர்களுக்குத் திண்ணையில் ஒருவர் உரக்கப் படித்துக் காட்டினார். படித்து முடித்த பக்கங்களைச் சேர்த்துத் தைத்துப் புத்தகமாக்கிப் பாதுகாத்தவர்கள் பலர்.

ரேடியோ நெல்

1939இல் தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையத்தின் குரல், காவிரிப் படுகையின் ஊர்களில் நன்கு ஒலித்தது. தனி வானொலிப் பெட்டிக்கு உரிமக் கட்டணம் உண்டு. எனவே பலருக்கு ஊராட்சி மன்றத்தின் பெட்டியே வாய்த்தது. மாலையில் அதன் முன் கூடியவர்கள் செய்தியும் நாடகமும் கேட்டனர். உழவுக் குறிப்புகளையும் கேட்டனர். 1960களில் ஆடுதுறை 27 என்னும் குறுகியகால நெல்லைப் பற்றி வானொலி விரிவாக எடுத்துரைத்தது. காதால் கேட்டு வயலில் விதைத்த அந்த நெல்லுக்கு உழவர்கள் இட்ட பெயர் 'ரேடியோ நெல்'. கடல் கடந்து வந்த இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' காலைப் பொழுதை இசையால் நிறைத்தது. விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் கேட்க இயலாது. ஆகவே, அது ஒலித்த சில நிமிடங்களில் கைவேலை நின்றது.

மணல்தரை அரங்கு

அறுவடை முடிந்த வெளிகளில் கீற்றுக் கொட்டகை எழும். அதுவே டூரிங் டாக்கீஸ். மாலையில் பக்திப்பாடல் ஒலிபெருக்கியில் கேட்டதும் சுற்றுப்புறச் சிற்றூர்கள் புறப்பட்டுவிடும். தரைச்சீட்டு வாங்கியவர்கள் மணலைக் குவித்து மேடாக்கி அமர்ந்தனர். ஒரே படக்கருவி என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை வந்தது. முறுக்கும் கடலை மிட்டாயும் அப்போது விற்றுத் தீர்ந்தன. திரையில் கேட்ட வசனம் மறுநாள் நாற்றங்காலில் மீண்டும் ஒலித்தது.

விடுபட்டவர்கள்

இவ்வளவு இனிய நினைவுகளில் எல்லாருக்கும் இடம் இருந்ததா? காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த இளையபெருமாள் அக்கேள்வியை நாடு முழுவதும் கொண்டுசென்றார். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவரது தலைமையில் 1965இல் இந்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 1969இல் வெளிவந்த அதன் அறிக்கை, கிணற்றிலும் கோயிலிலும் தேநீர்க்கடையிலும் நிலவிய தீண்டாமையை வெளிப்படுத்தியது. வானொலி பாடிய அதே தேநீர்க்கடையில் சிலருக்குத் தனிக்குவளை வைக்கப்பட்டிருந்தது. பாட்டு அனைவர் காதிலும் விழுந்தது. அமரும் பலகை அனைவருக்கும் கிடைக்கவில்லை.

1975இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. பிறகு அப்பெட்டி வீடுதோறும் வந்தது, கொட்டகைகள் மறைந்தன. இன்று பாட்டும் படமும் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் உள்ளன. எந்தப் பலகையில் யார் அமர்வது என்று அது கேட்பதில்லை. அருகில் அமர ஒருவரைத் தேடச் சொல்வதும் இல்லை. வீராணத்து நீரோ 2004 முதல் குழாய்களின் வழியே சென்னையின் தாகத்தையும் தணிக்கிறது.

அக்காலத்தை அறிய விரும்பும் மாணவர், தம் ஊரின் முதியவர்களை அணுகலாம். அவர்கள் பார்த்த படங்களைக் கேட்டறிவதோடு, கொட்டகையில் எங்கே அமர்ந்து பார்த்தார்கள் என்பதையும் கேட்டறிய வேண்டும்.