திரும்பக் கூப்பிடாதே

டீன் வின்செஸ்டர் செத்தது கம்பி குத்தி. பாதியில் நின்ற கட்டடங்களில் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி ஒரு துருக்கம்பி. லூசிஃபரை எதிர்த்து நின்றவன், நரகத்துக்குப் போய்த் திரும்பியவன், கடவுளையே தோற்கடித்தவன். அவனை ஒரு பழைய கொட்டகையில் முகமூடி போட்ட வாம்பயர் ஒருவன் தூணோடு சேர்த்து மோத, கம்பி முதுகில் ஏறிவிடுகிறது. அவ்வளவுதான். 'சூப்பர்நேச்சுரல்' தொடரின் 327-ஆவது, கடைசி எபிசோட். 2020 நவம்பர் 19 அன்று ஒளிபரப்பானது. பதினைந்து வருஷம் கூடவே வந்த ரசிகர்கள் பலர் கொதித்துப்போனார்கள். இதுக்கா இவ்வளவு நாள் பார்த்தோம் என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் கிடைக்கக் கொஞ்ச காலம் ஆனது.

பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. 2005 செப்டம்பரில் எரிக் கிரிப்கி ஆரம்பித்த தொடர். சாம், டீன் என்று இரண்டு சகோதரர்கள். 1983 நவம்பர் 2 இரவு அவர்களுடைய அம்மா வீட்டுக் கூரையில் தீப்பிடித்துச் சாகிறாள், கொன்றது ஒரு அரக்கன். அப்பா வேட்டைக்காரர் ஆகிறார். பிள்ளைகளும் 1967 மாடல் செவ்ரோலெட் இம்பாலா ஒன்றில் ஊர் ஊராகச் சுற்றிப் பேய் பிசாசுகளை ஒழிக்கிறார்கள். டீன் அண்ணன். நாலு வயசில் கைக்குழந்தைத் தம்பியைத் தூக்கிக்கொண்டு எரிகிற வீட்டை விட்டு ஓடி வந்தவன். அதற்கப்புறம் அந்தக் குழந்தையை அவன் கீழே இறக்கி வைக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் பார்க்க ஆரம்பித்தது இன்ஜினியரிங் ஹாஸ்டலில். ஒருத்தன் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் அது மொத்த பிளாக்குக்கும் சொத்து. ஐந்தாவது சீசனின் கடைசி எபிசோட் 'ஸ்வான் சாங்' 2010 மே மாதம் வந்தது. எனக்குக் கடைசி செமஸ்டர். கிரிப்கி ஐந்து சீசன்களுக்குத்தான் கதை யோசித்து வைத்திருந்தார். அதனால் அதில் ஒரு முழுமை இருக்கும். லூசிஃபர் சாமின் உடம்புக்குள் புகுந்து டீனை அடித்து நொறுக்குகிறான். டீன் திருப்பி அடிக்கவில்லை, நான் இங்கதான் இருக்கேன் என்று மட்டும் சொல்கிறான். இம்பாலாவின் சாம்பல் கிண்ணத்தில், சின்ன வயசில் சாம் சொருகி வைத்த பொம்மைச் சிப்பாய் ஒன்று இன்னும் இருக்கிறது. வெயில் பட்டு அது கண்ணில் விழுந்த நொடியில் சாம் தன் உடம்பை மீட்டுக்கொண்டு, லூசிஃபரோடு சேர்த்துப் பாதாளக் கூண்டுக்குள் குதிக்கிறான். அன்றைக்கு எங்கள் ரூமில் இருந்த ஏழு பேரும் ஆளாளுக்கு வேறு வேறு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குதிப்பதற்கு முன்பே சாம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தான். என்னைத் திரும்பக் கொண்டுவர முயற்சி பண்ணாதே, லிசாகிட்ட போய் ஒரு சாதாரண வாழ்க்கை வாழு. டீன் லிசா வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அதோடு முடிந்திருந்தால் கச்சிதம். ஆனால் கடைசி ஷாட்டில் தெருவிளக்குக்குக் கீழே சாம் வந்து நிற்கிறான். தொடர் இன்னும் பத்து சீசன் ஓடியது.

இந்தத் தொடரின் உண்மையான நோய் அதுதான்: யாருமே செத்த இடத்தில் இருக்க மாட்டார்கள். நான் வேலை பார்க்கும் துறையில் இதற்கு ரோல்பேக் என்று பேர். ஏதாவது உடைந்தால் பழைய நிலைக்குக் கொண்டுபோய் விடுவோம். இரண்டாவது சீசனில் சாம் குத்துப்பட்டுச் சாகிறான். டீன் ஒரு வருஷக் கெடு வைத்துத் தன் ஆன்மாவை விற்று அவனை எழுப்புகிறான். கெடு முடிந்து நரகத்துக்குப் போன டீனை காஸ்டியல் என்ற தேவதூதன் மீட்டுக்கொண்டு வருகிறான். ஒன்பதாவது சீசனில் கோமாவில் கிடக்கும் சாம் சாகச் சம்மதித்துவிட்டான். டீன் விடவில்லை. தம்பியை ஏமாற்றிச் சரி சொல்ல வைத்து அவன் உடம்புக்குள் ஒரு தேவதூதனைக் குடியேற்றுகிறான். உண்மை தெரிந்ததும், நீ இதை எனக்காகச் செய்யலை, தனியா இருக்க முடியாம உனக்காகச் செஞ்சே என்று சாம் கேட்கிறான். தொடரிலேயே கூர்மையான குற்றச்சாட்டு அது. டீனிடம் பதில் இல்லை.

அந்தக் காட்சியை நான் முதலில் பார்த்தபோது டீன் பக்கம்தான் இருந்தேன். தம்பிகள் எல்லாரும் அண்ணன் பக்கம்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். என் அண்ணன் டிப்ளமாவோடு நிறுத்திவிட்டு கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போனவன். என் செமஸ்டர் ஃபீஸ் அந்தப் பட்டறையிலிருந்துதான் வந்தது. அவன் அதைச் சொல்லிக் காட்டியதே கிடையாது.

2019-இல் அப்பா ஐசியூவில் பத்தொன்பது நாள் இருந்தார். பன்னிரண்டாவது நாளில் டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, இனிமேல் மெஷின்தான் மூச்சு விடுகிறது என்று நிதானமாகச் சொன்னார். முடிவு உங்களுடையது என்றார். அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்டா" என்றான். ரெண்டு நாள் கழித்தும் அதையே சொன்னான். பணத்துக்கு என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை, அண்ணி கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கும் அவனை நிறுத்தத் தோன்றவில்லை. பதினேழாவது நாள் சாயங்காலம் அஞ்சு நிமிஷம் உள்ளே விட்டார்கள். அண்ணன் அப்பாவின் கையைப் பிடித்தான். கிரீஸ் போகாத நகங்கள். குனிந்து காது பக்கத்தில், "போங்கப்பா. நாங்க பாத்துக்கிறோம்" என்றான். வெளியே வந்து செருப்பைத் தேடி ரொம்ப நேரம் நின்றான். செருப்பு காலில்தான் இருந்தது.

அதற்கு அடுத்த வருஷம்தான் இந்தக் கடைசி எபிசோட் வந்தது. கம்பி குத்தியபடி நிற்கிற டீன், ஆம்புலன்ஸுக்கு ஓடப் பார்க்கும் சாமைத் தடுக்கிறான். என்னைத் திரும்பக் கொண்டுவராதே என்கிறான். ஐந்தாவது சீசனில் தம்பி கேட்ட அதே சத்தியம், இப்போது அண்ணன் கேட்கிறான். அப்புறம் இன்னொன்று கேட்கிறான்: பரவாயில்லைன்னு நீ சொல்லணும். சாமுக்கு வார்த்தை வரவில்லை. கடைசியில், பரவாயில்லை, நீ போகலாம் என்கிறான். வாழ்நாள் முழுக்கத் தம்பியைக் காப்பதே வேலையாக இருந்தவன் போவதற்குத் தம்பியின் அனுமதி தேவைப்படுகிறது.

கம்பிக்கும் ஒரு காரணம் தெரிகிறது. முந்தைய எபிசோடில் சக் சக்தி இழந்துவிட்டான். அவன்தான் அந்த உலகத்தின் கடவுள், அவர்கள் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்த எழுத்தாளனும் அவன்தான். அவன் எழுதியவரை டீனுக்கு மகத்தான சாவுகள் கிடைத்தன, மகத்தான உயிர்த்தெழல்களும் கிடைத்தன. எழுதுபவன் போன பிறகு கிடைத்தது எல்லாருக்கும் கிடைப்பதுதான்: ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு கம்பி. சுதந்திரம் வேண்டும் என்று கேட்டவனுக்கு அதன் முழு விலை.

இதனால் குறைகள் மறைந்துவிடாது. இரண்டு எபிசோடுக்கு முன்னால் டீனிடம் தன் காதலைச் சொல்லிவிட்டு மறைந்த காஸ்டியலுக்குக் கடைசியில் பேச்சோடு பேச்சாக ஒரு குறிப்புதான். கொரோனாவால் மார்ச்சில் நின்று ஆகஸ்டில் தொடர்ந்த படப்பிடிப்பு என்று தெரியும், ஆனாலும் அது வலிக்கிறது. டீனின் மேஜையில் வேலைக்கான விண்ணப்பப் படிவம் ஒன்று கிடக்கிறது, அது இன்னும் வலிக்கிறது. வயசான சாமின் நரைமுடி விக்கைப் பற்றிப் பேசாமல் விடுவதே மரியாதை. அவன் மனைவி பின்னணியில் மங்கலாக நிற்கும் ஓர் உருவம், முகம்கூடக் கிடையாது.

ஆனால் அந்த விக்கோடு படுக்கையில் கிடக்கும் கிழவன் சாமின் கையை அவன் மகன் பிடித்துக்கொள்கிறான். பையன் பேரும் டீன்தான். பரவாயில்லைப்பா, நீங்க போகலாம் என்கிறான். கொட்டகையில் சாம் சொன்ன அதே வார்த்தை. அது பையனுக்கு எப்படித் தெரியும் என்று தொடர் சொல்வதில்லை. சாம் சொல்லியிருக்க வேண்டும். அண்ணனைத் திரும்பக் கூப்பிடாமல் இருந்த அத்தனை வருஷங்களில், அந்தக் கதையை மகனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணனுக்கு இங்கிலீஷ் சீரியல் பார்க்கப் பொறுமை கிடையாது. ஒருநாள் போனில் முழுக் கதையையும் சொன்னேன். கம்பி, சத்தியம், போகலாம் என்றது எல்லாம். ரொம்ப நேரம் பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அந்த வண்டி என்னடா ஆச்சு?" என்றான்.

தம்பி விற்கவில்லை, கராஜில் துணி போர்த்தி வைத்திருந்தான், கிழவனான பிறகும் அதில் போய் உட்கார்ந்துகொள்வான் என்றேன்.

"சும்மா போட்டு வச்சா பேட்டரி போயிடும்" என்றான் அண்ணன்.