டெல்லிக்கு நாலு புள்ளி

2023 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் மே தினக் கிராம சபை. மனு எழுதுவதற்காக நாங்கள் மூன்று பேர் இரண்டு வண்டியில் அந்தக் காலனிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே கால். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. புதுக்கோட்டை மாவட்டம், தைல மரக்காடும் வறண்ட கண்மாயும் உள்ள ஒரு பக்கம். அந்த அடையாளத்தை வைத்து எந்த ஊரையும் கண்டுபிடிக்க முடியாது, அதனால் பிரச்சினையில்லை.

வேங்கைவயல் நடந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இறையூர் பக்கத்தில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது 2022 டிசம்பர் 26 அன்று தெரியவந்தது. அந்த வருஷம் மாவட்டத்தில் நாங்கள் எழுதிய மனு ஒவ்வொன்றும் தொட்டியில்தான் தொடங்கியது. தொட்டிக்கு மூடி, ஏணிக்குப் பூட்டு, சுற்றிலும் வேலி. அப்புறம் மயானப் பாதை, தெருவிளக்கு. இந்த வரிசை எங்களுக்கு மனப்பாடம்.

பெரியவர்கள் சிலர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். இளைஞர்கள் ஒருவரையும் காணோம். எல்லாரும் ஒரு தொகுப்பு வீட்டின் வாசலில் இருந்தார்கள். உள்ளே டிவி, வாசலில் இரண்டு செல்போன். அந்த சீசனில் ஐபிஎல் ஆட்டங்கள் ஜியோசினிமாவில் இலவசம். சேப்பாக்கத்தில் சென்னைக்கும் பஞ்சாபுக்கும் ஆட்டம் தொடங்கப் போகிறது. "அக்கா, ஒரு இன்னிங்ஸ் முடியட்டுமே" என்றார்கள். நாங்களும் உட்கார்ந்துவிட்டோம். கடமையைச் சொல்லிக் கிளம்பியவர்கள் கிரிக்கெட் பார்த்தோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

கான்வே 52 பந்தில் 92. அவுட் ஆகவில்லை. கடைசி ஓவரில் சாம் கரன் போட்ட கடைசி இரண்டு பந்தையும் தோனி சிக்ஸருக்குத் தூக்கினார், ஸ்கோர் சரியாக 200. வாசலில் ஒரு பாட்டி, யார் என்ன அடித்தார் என்று தெரியாமலே கை தட்டினார். முதல் இன்னிங்ஸ் முடிந்தும் எழுந்திருக்க யாருக்கும் மனமில்லை. பஞ்சாப் துரத்தி வந்தது. கடைசி ஓவரில் ஒன்பது ரன், பந்து பத்திரானாவிடம். கடைசிப் பந்தில் மூன்று ரன். சிக்கந்தர் ராசா தட்டிவிட்டு ஓடினார், மூன்றும் ஓடி முடித்தார்கள். பஞ்சாபுக்கு நாலு விக்கெட் வெற்றி. வாசல் மொத்தமும் பேச்சில்லை.

அப்போது ஒரு தம்பி, பத்தாம் வகுப்பு எழுதி முடித்தவன், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தான். அதில் புள்ளிப் பட்டியல். பத்து அணியும் வரிசையாக, ஆடியது, வென்றது, தோற்றது, புள்ளி, ரன்ரேட். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அழித்து எழுதியதில் தாள் நைந்து போயிருந்தது. ஜெயித்தால் இரண்டு புள்ளி, தோற்றால் பூஜ்யம், ஆளுக்குப் பதினாலு ஆட்டம், முதல் நாலு பேர் அடுத்த கட்டத்துக்கு. இதெல்லாம் எங்களுக்கும் தெரியும். நிகர ரன்ரேட்தான் தெரியாது. அவன் சொல்லிக் கொடுத்தான்: நாம் ஓவருக்கு எத்தனை எடுத்தோமோ அதிலிருந்து ஓவருக்கு எத்தனை கொடுத்தோமோ அதைக் கழி, பதினைந்து ஓவரில் ஆல் அவுட் ஆனாலும் கணக்குக்கு இருபது ஓவர்தான் எடுக்கணும், "இல்லேன்னா ஏமாத்திருவாய்ங்கல்லக்கா." முதுகலை சமூகவியல் படித்த எங்களுக்கு அதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ராத்திரி ஆட்டம் வான்கடேயில், மும்பைக்கும் ராஜஸ்தானுக்கும். ஐபிஎல்லின் ஆயிரமாவது ஆட்டம் அது. ஜெய்ஸ்வால் 62 பந்தில் 124 அடித்தும் ராஜஸ்தான் தோற்றது. கடைசி ஓவரில் 17 ரன் வேண்டும் என்ற நிலையில் ஹோல்டர் போட்ட முதல் மூன்று பந்தையும் டிம் டேவிட் சிக்ஸர் அடித்தார். தம்பி பட்டியலை முடித்தான். குஜராத் 12. ராஜஸ்தான், லக்னோ, சென்னை, பஞ்சாப் நாலு பேரும் 10. பெங்களூரும் மும்பையும் 8. கொல்கத்தாவும் ஹைதராபாத்தும் 6. கடைசியில் டெல்லி, எட்டு ஆட்டத்தில் 4 புள்ளி.

"பாவம் டெல்லி" என்றோம்.

"அவய்ங்களுக்கு என்னக்கா பாவம்? லிஸ்ட்டுல இருக்காய்ங்கல்ல."

அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மே மாதம் ஊரில் திருவிழாவை ஒட்டி டோர்னமெண்ட் நடக்கும். பதினாறு அணி, நாக்-அவுட். தஞ்சாவூர்ப் பக்கம், சிவகங்கைப் பக்கம் எல்லாம் அணிகள் வரும். நுழைவுக் கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பையன்கள் மூன்று வருஷமாகக் கேட்கிறார்கள். மூன்று வருஷமும் ஒரே பதில்: லிஸ்ட் முடிந்துவிட்டது. பெயர் கொடுக்கத் தொடங்கும் நாளில் போனால் இன்னும் தொடங்கவில்லை, மறுநாள் போனால் முடிந்துவிட்டது. ஆட்டம் நடக்கும் இடம் யாருடைய பட்டாவும் இல்லை. புறம்போக்குப் பொட்டல். அதைச் சமன் செய்ய நூறு நாள் வேலையில் கல் பொறுக்கியவர்களில் பாதிப் பேர் காலனிப் பெண்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். இவர்களில் ஒருவன் வேகமாகப் பந்து போடுவான். அவனை மட்டும் ஊர் அணிக்குக் கூப்பிடுவார்கள். "பந்து போட மட்டும் வரச் சொல்லுவாக." பேட்டிங்கில் பதினோராவது ஆள். ஜெயித்த அன்று கோயில் மண்டபத்தில் பந்தி. அவனுக்குப் பார்சல். வாங்கிக்கொண்டு வந்து இங்கே பிரித்துச் சாப்பிடுவான். "பிரியாணி நல்லாத்தான் இருக்கும்" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

எங்களில் ஒருவருக்கு உடனே நினைவு வந்தது பல்வங்கர் பாலு. இந்தப் பெயரைக் கேள்விப்படாத தோழர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், இது நம் பாடப்புத்தகத்தில் வராது. தோல் தொழிலோடு கட்டிப்போடப்பட்ட சாதியில் பிறந்தவர். புனேயில் ஐரோப்பியர் கிளப்பில் ஆடுகளத்தைச் சீர் செய்யும் வேலை. வலைப் பயிற்சியில் வெள்ளைக்காரர்களுக்கு மணிக்கணக்கில் பந்து போடுவார். மட்டையைக் கையில் கொடுக்கமாட்டார்கள். அவருடைய இடது கைச் சுழற்பந்து இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகு இந்து கிளப்பும் சேர்த்துக்கொண்டது. ஆனால் தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்குக் கிளப்புக்குள்ளே பீங்கான் கோப்பை, அவருக்கு வெளியே மண் குவளை. 1911இல் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்துக்குப் போனபோது 114 விக்கெட் எடுத்தார். இந்துக்கள் அணிக்கு அவரைக் கடைசி வரை கேப்டன் ஆக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு அது 1923இல்தான் கிடைத்தது. இதே பாலு 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று ஏறத்தாழ 2,000 வாக்கில் தோற்றார் என்பதும் வரலாறு. அவரைக் கொண்டாடுவதா திட்டுவதா என்று நாங்கள் பலமுறை சண்டை போட்டிருக்கிறோம். அன்று ராத்திரி அந்தச் சண்டை வரவில்லை. மண் குவளைக் கதையைச் சொன்னதும் பந்து போடும் தம்பி கேட்டது ஒன்றுதான்: "நூறு வருசத்துக்கு முன்னாடியே பார்சலாக்கா?"

பதினோரு மணிக்கு மேல் மனுவை எழுத உட்கார்ந்தோம். தொட்டி, பாதை, விளக்கு. தம்பிகள் கிரவுண்டையும் எழுதச் சொன்னார்கள். நாங்கள் தயங்கினோம். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கே இந்தத் தயக்கம்தான் காரணம். உயிர் போகிற விஷயத்தோடு விளையாட்டையும் சேர்த்தால் மனுவின் கனம் குறைந்துவிடும், அதிகாரிகள் சிரிப்பார்கள், அடுத்த கிராம சபைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றோம். பத்து வருஷ அனுபவத்திலிருந்து பேசினோம்.

கணக்கு நோட்டுத் தம்பி சொன்னான்: "தண்ணியும் சுடுகாடும் மட்டுந்தானா அக்கா எங்களுக்கு?"

எங்களிடம் பதில் இல்லை. தலித் வாழ்க்கை என்றால் துயரம் மட்டும்தான் என்று மற்றவர்கள் எழுதும்போது கோபப்படுகிற நாங்கள், எங்கள் மனுவிலும் அதே ஆட்களைத்தான் வைத்திருந்தோம்: குடிப்பார்கள், சாவார்கள், நடுவில் ஒன்றும் செய்யமாட்டார்கள். நாலாவது கோரிக்கையாகக் கிரவுண்டு ஏறியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பொது வளங்களையும் பொது இடங்களையும் மற்றவர்களோடு சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது, பிரிவு 3(1)(இசட்ஏ). அரசியலமைப்பின் 15(2) அதற்கும் முன்னாலேயே இருக்கிறது. இரண்டையும் எழுதினோம். எழுத எழுத எங்களுக்கே வெட்கமாக இருந்தது. சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியது, எங்களுக்குத் தோன்றவில்லை.

கிராம சபையில் முதல் மூன்று கோரிக்கையும் தகராறு இல்லாமல் தீர்மானப் புத்தகத்தில் ஏறின. வேங்கைவயலுக்குப் பிறகு தொட்டி என்றாலே மறுபேச்சு பேசத் தயங்கினார்கள். (அந்த வழக்கில் 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது, வேங்கைவயல் தலித் இளைஞர்கள் மூன்று பேர் மீதே. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) நாலாவதை வாசித்ததும்தான் நாற்காலிகள் நகர்ந்தன. "விளையாட்டுல போயி சாதியக் கொண்டாராதீங்கம்மா" என்றார் ஒரு பெரியவர். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். பின்னால் நின்ற தம்பிகளில் யாரோ, "அப்ப லிஸ்ட்டக் காட்டச் சொல்லுங்க" என்றான். கொஞ்ச நேரம் சத்தம். கடைசியில் "விளையாட்டுத் திடல் அனைவருக்கும் பொது" என்று ஒரு வரி எழுதப்பட்டது. டோர்னமெண்ட் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த மே மாதம் பதினாறு அணிகள் ஆடின. இவர்கள் பெயர் இல்லை. பந்து போடுகிற தம்பியை வழக்கம்போல் கூப்பிட்டார்கள். அவன் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

பெயர் இல்லாததால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்க பேஸ்பால் கதை ஒன்று. அங்கே பெரிய லீக்கில் கறுப்பர்களுக்கு இடமில்லாத காலத்தில் அவர்கள் தனி லீக் நடத்தினார்கள். ஜோஷ் கிப்சன் அதில் ஆடியவர். 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்துக் களமிறங்கினார். கிப்சன் அதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்துபோனார். 2024 மே மாதம், 1920 முதல் 1948 வரையிலான அந்தக் கறுப்பர் லீக்குகளின் கணக்கை அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்த்தார்கள். சேர்த்ததும் வாழ்நாள் பேட்டிங் சராசரியில் முதலிடம் மாறியது. டை காப் என்ற வெள்ளைக்காரர் .367 உடன் பல பத்தாண்டுகளாக இருந்த இடத்தில் இப்போது கிப்சன், .372. செத்து 77 வருஷம் கழித்து. இந்தச் செய்தியைத் தம்பிக்கு வாட்ஸப்பில் அனுப்பினோம். "அவரு ரன்ரேட்ட அன்னைக்கே எவனோ ஒருத்தன் நோட்டுல எழுதி வச்சிருக்கான்கா" என்று பதில் வந்தது. அது உண்மைதான். கறுப்பர் பத்திரிகைகளில் வந்த ஸ்கோர்களைத் தேடித் தேடித்தான் அந்தக் கணக்கை எடுத்தார்கள்.

களத்தில் இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், தேர்வெழுதப் பேருந்தில் போன தலித் மாணவனை இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். லிஸ்ட்டில் இல்லாதவனுக்கு ஒரு ஆபத்து, லிஸ்ட்டில் ஏறி ஜெயித்தவனுக்கு வேறொன்று. அதனால்தான் 2024இல் அந்த ஊரில் நடந்ததை நாங்கள் வெற்றி என்று எங்கும் எழுதவில்லை.

நடந்தது இதுதான். முந்தைய வருஷத் தீர்மானத்தின் நகலோடு குறைதீர் நாளில் இரண்டு முறை மனு, ஒரு முறை வருவாய் ஆய்வாளர் வந்து இடத்தைப் பார்த்தார், டோர்னமெண்ட்டுக்கு முன் காவல் நிலையத்தில் ஒரு பேச்சு. நோட்டீஸ் அடித்து வந்தபோது பதினாறாவது வரியில் காலனி அணியின் பெயர் இருந்தது. மற்ற பதினைந்து அணிக்கும் ஊர்ப் பெயர் போட்டிருந்தார்கள். இவர்களுக்கு அணிப் பெயர் மட்டும். ஊரை விட்டுவிட்டார்கள். அச்சுப் பிழை என்றார்கள்.

முதல் ஆட்டத்திலேயே 11 ரன்னில் தோற்றார்கள். வேகப்பந்துத் தம்பி மூன்று விக்கெட் எடுத்தான், மூன்றாவது ஆளாக பேட்டிங் இறங்கி 4 ரன்னில் அவுட் ஆனான். மூன்றாவது ஆளாக இறங்கியதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். தோற்ற அணிகளுக்கும் மண்டபத்தில் சாப்பாடு உண்டு என்று மைக்கில் அறிவித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் பொட்டலின் ஓரத்துக்கு வந்தார், கையில் பெரிய பை, உள்ளே பதினைந்து பார்சல். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாங்கவில்லை. மண்டபத்துக்கும் போகவில்லை. நாங்கள் பக்கத்துக் கடையில் பரோட்டா வாங்கிக் கொடுத்தோம்.

கணக்கு நோட்டுத் தம்பி மட்டும் சாப்பிடாமல் எழுதிக்கொண்டிருந்தான். எத்தனை ஓவர், எத்தனை ரன், கொடுத்தது எத்தனை.

"இது நாக்-அவுட்டுடா. ரன்ரேட்டுக்கு இதுல வேலையே இல்லையே" என்றோம்.

"தெரியும்கா" என்று சொல்லிவிட்டுக் கழித்தலை முடித்தான். மைனஸ்தான் வந்தது.