ஊட்டிக் கண்ணாடி மாளிகையில் ஒரு பாடம்

ஊட்டிக்குப் போகிறவர்களில் பலர் தாவரவியல் பூங்காவின் புல்வெளியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். வீட்டில் நாலு பூந்தொட்டி வைத்திருக்கும் சகோதரிகள் அங்குள்ள கண்ணாடி மாளிகையை அவசியம் பார்க்க வேண்டும்.

1848-ல் உருவாகத் தொடங்கிய பூங்கா இது. லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவர் என்பவர் அமைத்தது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது.

கண்ணாடி மாளிகைக்குள் கொலு வைத்தாற்போல் வரிசை வரிசையாகத் தொட்டிகள். சினரேரியா, பிகோனியா, சுருக்குப்பை போல உப்பிய கால்சியோலேரியா... கண் கொள்ளவில்லை! டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டியில் உறைபனி விழும். தளிர்கள் கருகிப் போகும். கண்ணாடிக் கூரை வெயிலை உள்ளே விட்டு, சூட்டைப் பிடித்து வைக்கிறது. பனியையும் மழையையும் வெளியே நிறுத்தி விடுகிறது.

கூட வந்த என் நாத்தனாருக்கு மதுரையில் மாடி வீடு. தோட்டம் என்றால் பால்கனிதான். குழந்தைகளுக்கு வர்க்கி வாங்க வைத்திருந்த பணத்தில் இரண்டு சினரேரியா தொட்டி வாங்கிவிடத் துடித்தாள். அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரர்தான் தடுத்தார்.

"வேண்டாங்கம்மா. இது குளிர்லயே வளர்ந்த பிள்ளை. உங்க ஊர் வெயில் தாங்காதுங்க."

அவள் முகம் வாடிவிட்டது. "அப்போ எங்களுக்குப் பூவே கிடையாதா?" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே, "செடியை விடுங்க, வளர்க்கிற முறையைக் கொண்டு போங்க" என்று செய்து காட்டினார். தொட்டியின் அடி ஓட்டைமேல் ஓட்டுச்சில்லு வைத்து மண் போட வேண்டும். விரலால் மண்ணைத் தொட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அதையும் இலைமேல் கொட்டாமல் மண்ணில் ஊற்ற வேண்டும். வாடிய பூவை உடனே கிள்ள வேண்டும். தொட்டியை அவ்வப்போது திருப்பி வைத்தால் செடி ஒரே பக்கமாகச் சாயாது.

சமவெளியில் இருக்கும் நமக்குக் கண்ணாடிக் கூரை ஆகாது. உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். நமக்குத் தேவை நிழல். உச்சி வெயில் படும் பால்கனியில் பச்சை நிழல்வலை கட்டி, காலை வெயில் விழும் இடத்தில் காசித்தும்பை வைக்கலாம். மேசை ரோஜா, நித்தியகல்யாணி, இட்லிப்பூ மூன்றும் நல்ல வெயிலிலேயே பூக்கும்; வலை வேண்டாம்.

நாத்தனார் வர்க்கியோடுதான் ஊர் திரும்பினாள். இப்போது அவள் பால்கனியில் ஆறு தொட்டி காசித்தும்பை பூத்திருக்கிறது. தண்ணீர் ஊற்றுமுன் மண்ணைத் தொட்டுப் பார்ப்பது அவளுடைய நாலு வயது மகள்தான்!