கையிலிருந்து கன்னத்துக்கு

இருபது ஆண்டுகள் பீடி புகைத்த நாம் ஒரு நாள் அதனை விட்டொழித்தோம். ஹட்டன் கடைத்தெருவில் காண்போரிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமையும் கொண்டோம். அவ்வேளை நம் வலக் கன்னத்தில் வெற்றிலையும் பாக்கும் புகையிலைத் துண்டும் அடங்கியிருந்ததை மட்டும் கணக்கிற் கொள்ளவில்லை.

பீடியை விட்ட முதல் வாரம் கை தானாகவே சட்டைப்பையைத் துழாவிற்று, இரவில் உறக்கமில்லை. அயல் லயத்து அக்கா ஒருவர் தம் வெற்றிலைப் பையை அவிழ்த்து, "இதப் போடுங்க மாஸ்டர், பீடி நெனப்பே வராது" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. பீடியிலுள்ள நிகொட்டின் மெல்லும் புகையிலையிலும் உண்டு. சுண்ணாம்பின் காரம் அது வாயின் மென்தோல் வழியே இரத்தத்திற் சேரத் துணைபுரிகிறது. பாக்குக்கோ தனக்கென்றே ஒரு மயக்கம் உண்டு. ஒரு வட்டிக்காரனிடமிருந்து தப்பி இருவரிடம் அகப்பட்டோம்.

சில ஆண்டுகளில் சம்பல் பட்டாலே வாய் எரிந்தது. கொட்டாவி விடவும் வாய் முழுதாகத் திறக்கவில்லை. பல் வைத்தியர் நம் விரல்களை அடுக்கிப் பற்களுக்கிடையே வைக்கச் சொன்னார். மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் இரண்டே நுழைந்தன. கன்னத்தின் உட்சதை நார்போல் இறுகும் இந்நோய்க்குப் பாக்கே முதற்காரணம் என்றும், அது புற்றாக மாறவும் கூடும் என்றும் விளக்கினார். நாம் பீடியை விட்ட வீரக்கதையைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இலேயே வகைப்படுத்தியது. புகையிலை இல்லாவிடினும் பாக்கு ஒன்றே போதும் என்று 2004இல் அறிவித்தது. நம் நாட்டு ஆண்களை மிகுதியாகப் பற்றும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. சுவையும் நிறமும் இனிப்பும் கூட்டிய மெல்லும் புகையிலையை அரசு 2016இல் தடைசெய்தது. வெற்றிலைக்கூறு மட்டும் இன்றும் கடைதோறும் கிடைக்கிறது.

தோட்டத்து மக்களின் அறியாமையே இதற்குக் காரணம் எனப் பேசும் கனவான்கள் ஒரு நாள் கொழுந்து மலையில் வந்து நிற்கட்டும். பீடிக்கு ஒரு கை வேண்டும். கொழுந்துக்கு இரு கையும் வேண்டும். வெற்றிலைக்குக் கையே வேண்டாம். மழையில் அது அணைவதில்லை. அட்டை கடிக்கும் அதே புகையிலையும் சுண்ணாம்புமே மருந்து. எல்லாவற்றுக்கும் மேலாக, அது பசியை அடக்குகிறது. பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து நிறுவையில் விழாவிட்டால் அரைப்பேர்தான் என்னும்போது, பசியாற நேரமேது?

வெற்றிலையையும் விட்டுவிட்டோம். வாயில் இப்பொழுது கராம்பு ஒன்றே. அதையும் எண்ணிக்கொண்டுதான் மெல்லுகிறோம்.

அக்காவிடம் சென்று வைத்தியர் கூறியதைச் சொன்னோம். "நீங்க விட்டுப்புட்டீங்க மாஸ்டர். நான் விட்டா பதினொரு மணிப் பசிக்கு என்னத்தப் போடுறது?" என்றார். விரல்களை அடுக்கி வாயில் வைத்துப் பார்க்கச் சொன்னோம். இரண்டுகூட நுழையவில்லை. வருகிற செவ்வாயன்று அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல இருக்கிறோம். அன்றைக்குப் பேர் விழாதே என்பதுதான் அவருடைய கவலை.